பகலில் கடிக்கும் கொசு: சென்னைக்கு வருவோர் கவனத்துக்கு

மார்கழிக் கச்சேரிக்கும் பொங்கலுக்கும் வெளிநாட்டிலிருந்து சென்னைக்குக் கிளம்புகிறவர்கள் மறக்காமல் கொசுவலை வாங்குகிறார்கள். இரவுக்கு அது வேண்டியதுதான். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பது பகலில். விடிந்த பின் ஓரிரு மணி நேரமும், பொழுது சாயும் முன் சில மணி நேரமும் அது மும்முரமாக இருக்கும். சரியாக அந்த மாலை நேரத்தில்தான் நம் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு மொட்டைமாடியில் பந்து விளையாடுகிறார்கள்.

கொசு என்றாலே கூவத்தைத் திட்டுவது நம் பழக்கம். சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு. இரவில் காதருகே ரீங்காரமிடுவது பெரும்பாலும் அதுதான். ஏடிஸுக்கு வேண்டியது தெளிந்த தண்ணீர். ஒரு கொட்டாங்குச்சி அளவு போதும்.

நங்கநல்லூரில் என் அம்மா தினமும் வீட்டைப் பெருக்கித் துடைப்பவர். "நம் வீட்டில் கொசு ஏது? எல்லாம் பக்கத்துக் காலி மனையிலிருந்து வருகிறது" என்றார். ஃபிரிட்ஜை நகர்த்திப் பின்னாலிருக்கும் தட்டைப் பார்த்தோம். ஒரு விரற்கடைத் தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில் நூல் துண்டுகள்போலப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின; கையின் நிழல் பட்டதும் நெளிந்துகொண்டு அடியில் போய் ஒளிந்தன. அம்மா வெகுநேரம் பேசவில்லை.

அதனால் இப்போதெல்லாம் ஊருக்குப் போனதும் பெட்டியைப் பிரிக்கும் முன் டார்ச்சை எடுத்துவிடுகிறேன். ஃபிரிட்ஜ் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டு, மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பா, பழைய டயர். சம்ப்புக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். நகரத்து மலேரியாக் கொசு முட்டையிடுவது அங்கேதான். பூட்டிக் கிடந்த ஃபிளாட் என்றால் கழிப்பறையில் தேங்கிய தண்ணீரையும் பார்க்காமல் விடாதீர்கள். முட்டை கொசுவாக ஏழெட்டு நாட்கள் போதும் என்பதால் வாரம் தவறாமல் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவுங்கள்: நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்துபோயும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லலாம்.

உடம்புக்கு, கொசுவை அண்டவிடாத டீட் அல்லது பிகாரிடின் மருந்து உள்ள களிம்பு. சன்ஸ்கிரீன் பூசுவதானால் அதை முதலில் பூசிவிட்டு, மேலே இதைப் பூசுங்கள். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு எதுவும் பூச வேண்டாம். தொட்டில்மேல் வலை போடுங்கள், பகல் தூக்கத்திலும்.

"நான் சென்னையில் வளர்ந்தவன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. சிறு வயதில் ஒன்று வந்து போயிருந்தால், இரண்டாவது முறை வேறு வகை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் தொடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும். மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஓரிரு நாட்கள்தான் ஆபத்தானவை. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெளிநாடு திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சென்னை போய்வந்ததைச் சொல்லுங்கள். மலேரியா சில மாதங்கள் கழித்தும் தலைகாட்டலாம்; அப்போதும் இதைச் சொல்ல மறக்காதீர்கள்.