கமான்சே வாசிக்கத் தொடங்குவோருக்கு: முதல் மூன்று மாதங்களுக்கான செய்முறை

பாரசீக மொழியில் ‘கமான்’ என்றால் வில். ‘சே’ என்பது சிறுமையைக் குறிக்கும் விகுதி. கமான்சே என்றால் சிறுவில். உருண்டையான மரக்கிண்ணம், அதன் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய தோல், சுர இடங்களைக் காட்டும் மெட்டுகள் இல்லாத நீண்ட கழுத்து, அடியில் ஓர் இரும்புக்கால், நான்கு தந்திகள் என இவ்வளவுதான் வாத்தியம். ஆனால் பெயர் கிண்ணத்துக்கோ தந்திக்கோ போகாமல் வில்லுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கற்றுக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பெயரின் நியாயம் எனக்குப் புரிந்தது. கமான்சேயில் முதல் மூன்று மாதங்கள் முழுவதும் வில்லுக்கே உரியவை.

ஈரானும் அஜர்பைஜானும் இணைந்து முன்வைத்ததன் பேரில், கமான்சேயைச் செய்யும் கலையையும் வாசிக்கும் கலையையும் யுனெஸ்கோ 2017 இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரு நாட்டு மரபுகளும் நெருங்கியவை என்றாலும் சுருதி சேர்ப்பதிலும் பாணியிலும் வேறுபடுகின்றன. இந்தக் கட்டுரை ஈரானிய முறையைப் பின்பற்றுகிறது. வயலினோ வேறெந்த வில்வாத்தியமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் சில பழக்கங்களை விட வேண்டியிருக்கும், அவற்றை ஆங்காங்கே சொல்கிறேன்.

முதல் படி: வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்தலும் அறிதலும்

கிண்ணம் பெரும்பாலும் முசுக்கொட்டை மரத்திலோ வால்நட் மரத்திலோ செய்யப்படுகிறது. மெல்லிய மரச்சில்லுகளை வளைத்து ஒட்டிச் செய்வது ஒரு வகை, ஒரே மரத்தைக் கடைந்தெடுப்பது மற்றொரு வகை. ஈரானின் லொரெஸ்தான் பகுதியில் பின்புறம் திறந்த கிண்ணம் கொண்ட கமான்சேயும் உண்டு. அதன் ஓசை உரத்தது, தொடக்கநிலையில் மூடிய கிண்ணமே போதுமானது. வாங்கும்போது கழுத்து வளையாமல் நேராக இருக்கிறதா, தந்திகளை முறுக்கும் பிரடைகள் திருப்பிய இடத்தில் நிற்கின்றனவா, தோலில் சுருக்கமோ கீறலோ இருக்கிறதா என்ற மூன்றையும் கட்டாயம் பாருங்கள். கிண்ணத்தில் பதித்த அலங்கார வேலைப்பாடுகளுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

உறுப்புகளின் பாரசீகப் பெயர்களைத் தெரிந்துகொண்டால் ஈரானிய ஆசிரியர்களின் பாடங்களைப் பின்தொடர்வது எளிதாகும். கிண்ணம் காசே, தோல் பூஸ்த், கழுத்து தஸ்தே, பிரடை கூஷி, வில் ஆர்ஷே. தந்திகளைத் தோலின் மீது தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டுக்குக் கரக் என்று பெயர், அதாவது ‘கழுதைக்குட்டி’. நம் வீணையில் அதே உறுப்பைக் குதிரை என்கிறோம். சுமை தாங்கும் உறுப்புக்குச் சுமை தாங்கும் விலங்கின் பெயரையே இரு மொழியாரும் வைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதைக் குதிரை என்றே எழுதுகிறேன்.

குதிரை தோலில் ஒட்டப்படுவதில்லை; தந்திகளின் அழுத்தத்தால்தான் நிற்கிறது. ஆகவே வாத்தியத்தை வாங்கும் இடத்திலேயே, குதிரையின் இரு கால்களும் நிற்கும் இடத்தைப் பென்சிலால் மெல்லக் குறித்துத் தரச் சொல்லுங்கள். அது சற்றுச் சாய்வாக நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டு, நேராக்கிவிடாதீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: சுருதி சேர்த்தல்

பழைய கமான்சேயில் மூன்று தந்திகளே இருந்தன. வயலின் ஈரானுக்குள் பரவிய பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்காவது தந்தி சேர்ந்தது. இன்று பெரும்பாலானோர் வயலின் தந்திகளையே பூட்டுகிறார்கள். வயலினைப் போலவே தடித்த தந்தியிலிருந்து ஸோல், ரே, லா, மி (மேற்கத்திய சுரப்பெயர்கள்) என்று சேர்ப்பது ஒரு முறை. லாவை ஸோலுக்கும், மியை ரேக்கும் இறக்கி, ஸோல், ரே, ஸோல், ரே என்று சேர்ப்பது மற்றொரு முறை. தொடங்குவோருக்கு இரண்டாவது முறையையே பரிந்துரைக்கிறேன். ஸோலை ஆதாரமாகக் கொண்டால் அது ஸ, ப, ஸ, ப என்றாகிவிடும். கர்நாடக வயலினின் அமைப்பும் அதுவே என்பதால் நம் காதுக்கு அது உடனே பிடிபடும்.

பிரடையைத் திருப்பும்போதே உள்நோக்கி லேசாக அழுத்த வேண்டும். இல்லையெனில் கையை எடுத்தவுடன் நழுவிவிடும். மேலேற்றும்போது பொறுமையாகக் கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றுங்கள். நான்கு தந்திகளையும் சேர்த்து முடித்த பின் முதலில் சேர்த்த தந்தியை மறுபடி பாருங்கள். அது நிச்சயம் இறங்கியிருக்கும், ஏனென்றால் மற்ற தந்திகளின் அழுத்தத்தால் தோல் சற்றுத் தாழ்ந்திருக்கும். இரண்டு மூன்று சுற்று சரிபார்த்தால்தான் சுருதி நிலைக்கும்.

மூன்றாம் படி: அமர்தல்

கையில்லாத நாற்காலியின் முன்விளிம்பில் நிமிர்ந்து அமர்ந்து, இரும்புக்காலின் நுனியை இடத் தொடையின் மீது ஊன்றுங்கள். தரையில் அமர்ந்து, இரும்புக்காலைத் தரையிலேயே ஊன்றி வாசிப்பவர்களும் உண்டு. இரும்புக்கால் வழுக்காமலும் ஆடை கிழியாமலும் இருக்க, தொடை மீது ஒரு சிறு தோல்துண்டை விரித்துக்கொள்ளலாம். வாத்தியம் செங்குத்தாக, முகம் வெளியே பார்த்தபடி நிற்க வேண்டும். இடக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் கழுத்து தங்கட்டும். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். இடக்கைக்கு இங்கே சுரம் பிடிப்பதோடு இன்னொரு பெரிய வேலையும் காத்திருக்கிறது, அதற்கு மணிக்கட்டு தளர்ந்திருப்பது அவசியம்.

நான்காம் படி: வில்லைப் பிடித்தல்

வயலின் வில்லில் ஒரு திருகு உண்டு. அதைத் திருகினால் குதிரைமயிர் விறைப்பாகிவிடும். கமான்சேயின் மரபு வில்லில் மயிர் தொய்வாகவே கட்டப்பட்டிருக்கும், விறைப்பைக் கொடுப்பவை வாசிப்பவரின் விரல்களே. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, வில்லின் தண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வையுங்கள். நடுவிரலையும் மோதிரவிரலையும் தண்டுக்கும் மயிருக்கும் இடையே நுழைத்து, மயிரைத் தண்டிலிருந்து விலக்கித் தள்ளுங்கள். இப்போது மயிர் விறைக்கும். விரல்களைத் தளர்த்தினால் தொய்யும்.

வாத்தியத்தைத் தொடாமல், வெறும் வில்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதை ஒரு வாரம் பழகுங்கள். மெல்ல நான்கு எண்ணும் நேரத்தில் மயிரை விறைப்பாக்கி, அடுத்த நான்கில் தளர்த்துங்கள். முதல் சில நாட்களில் மோதிரவிரலின் பக்கவாட்டில் மயிர் பதிந்த தடம் சிவந்து தெரியும், உள்ளங்கை களைக்கும். களைத்தவுடன் நிறுத்திவிட்டு, கையை உதறி, மறுபடி தொடங்குங்கள். வலியோடு தொடர்ந்தால் தோள் வரை இறுகிவிடும்.

இதில் இவ்வளவு நேரம் செலவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே வில்லிழுப்பின் நடுவில் மயிரின் விறைப்பை மாற்ற முடிவதால்தான் கமான்சேயின் ஒலி பேசுவதுபோல் கரகரத்தும் குழைந்தும் வருகிறது. தொய்ந்த மயிர் தந்தியைத் தழுவிக்கொண்டு மூச்சொலி கலந்த மெல்லோசை தரும். விறைத்த மயிர் தந்தியைக் கவ்வித் தெளிவான சுரம் தரும். வில்லின் விசையைத் திருகிடம் ஒப்படைத்துவிட்ட வாத்தியங்களில் இந்த வாய்ப்பு இல்லை.

ஐந்தாம் படி: வெறுந்தந்தியில் நீண்ட வில்

மயிரில் ரோசின் (பிசின் கட்டி) தடவுங்கள். புதிய வில்லுக்குச் சற்றுத் தாராளமாகவே தேவைப்படும், பின்னர் நாளுக்கு மூன்று நான்கு தடவல் போதும். குதிரைக்குச் சற்று மேலே, தந்திக்குச் செங்குத்தாக மயிரை வைத்து, வில்லின் அடியிலிருந்து நுனிவரை வலப்பக்கமாக இழுங்கள். பிறகு நுனியிலிருந்து அடிவரை தள்ளுங்கள். விரல் எதையும் வைக்க வேண்டாம். ஓர் இழுப்புக்கு எட்டு எண்ணிக்கை, ஒரு தள்ளலுக்கு எட்டு எண்ணிக்கை. ஓசை கீச்சிட்டால் வில் குதிரைக்கு மிக அருகில் போய்விட்டது அல்லது நீங்கள் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள் என்று பொருள். வழுக்கிக்கொண்டு போனால் மயிர் போதிய விறைப்பில் இல்லை.

ஆறாம் படி: வாத்தியத்தைத் திருப்புதல்

தந்தி மாற்றுவதற்கு வயலினில் வில்லின் கோணத்தை மாற்றுகிறோம். கமான்சேயில் வில் தன் பாதையிலேயே போய்வர, வாத்தியம் இரும்புக்காலின் மீது பம்பரம்போல் சுழன்று, வேண்டிய தந்தியை வில்லின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. இடக்கையின் இன்னொரு வேலை என்று முன்பு குறிப்பிட்டது இதைத்தான். மெல்லிய தந்திக்குப் போக வாத்தியத்தின் முகம் உங்கள் வலப்பக்கம் திரும்ப வேண்டும். தடித்த தந்திக்கு இடப்பக்கம்.

நான் சில ஆண்டுகள் வயலின் கற்ற பிறகே கமான்சேக்கு வந்தேன். தந்தி மாற்றும்போதெல்லாம் என் வலமுழங்கை தானாக எழுந்துகொண்டே இருந்தது. எத்தனை முறை சொல்லியும் கேட்காத அந்தக் கையை என் ஆசிரியர் ஒருநாள் வேறு விதமாக வழிக்குக் கொண்டுவந்தார். எதிரே அமர்ந்து, தம் இரு விரல்களை வளையம்போல் மடித்து, வில்லின் நுனியை அதற்குள் நுழைத்துக்கொண்டார். இப்போது வில் முன்னும் பின்னும் நகரலாம், மேலும் கீழும் சாயமுடியாது. “இனி தந்தியை இடக்கையால் தேடுங்கள்” என்றார். முதல் பத்து நிமிடம் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகள் உரசி, கேட்கச் சகிக்காத ஓசை வந்தது. பிறகு எங்கோ ஓரிடத்தில் கழுத்து என் உள்ளங்கைக்குள் மிகச் சிறிதளவு உருண்டது, அடுத்த தந்தி தனியாக ஒலித்தது. அந்தத் திருப்பத்தின் அளவு எவ்வளவு சிறியது என்பதுதான் என்னை வியக்க வைத்தது. நானோ அதுவரை வாத்தியத்தைக் கதவு திறப்பதுபோல் திருப்பிக்கொண்டிருந்தேன்.

உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் கண்ணாடி முன் அமர்ந்து இதைச் செய்யலாம். கண்ணாடியில் வில்லின் நுனி போய்வரும் பாதையை மட்டும் கவனித்தபடி, ஒரு தந்திக்கு இரண்டு வில் வீதம், மிகத் தடித்த நான்காவது தந்தியிலிருந்து மிக மெல்லிய முதல் தந்திவரை சென்று திரும்புங்கள். அதன் பிறகு ஒரு தந்திக்கு ஒரு வில், பிறகு ஒரே வில்லில் இரண்டு தந்திகள். நாளுக்கு இருபது நிமிடம், குறைந்தது ஒரு மாதம். இந்த மாதத்தைத் தாண்டிக் குதிக்க நினைப்பவர்கள் பின்னால் ஆறு மாதம் அதற்குக் கொடுக்க நேர்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: இடக்கை விரல்கள்

கழுத்தில் மெட்டு இல்லாததால் காதுதான் வழிகாட்டி. முதலில் மாஹூர் தஸ்த்காவின் சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தஸ்த்கா என்பது ஈரானியச் செவ்விசையின் முறைமை அமைப்பு. அப்படி ஏழு உண்டு. மாஹூரின் அடிப்படைச் சுரவரிசை நம் சங்கராபரணத்தின் ஆரோகணத்துக்கு ஒத்திருப்பதால் தொடக்கத்துக்கு ஏற்றது. நான்காவது தந்தியில் வெறுந்தந்தி ஸ, சுட்டுவிரல் ரி, நடுவிரல் க, மோதிரவிரல் ம. மூன்றாவது தந்தியின் வெறுந்தந்தி ப. இசைக்கும் முன் ஒவ்வொரு சுரத்தையும் வாயால் பாடிவிட்டு விரலை வையுங்கள்.

மாஹூர் இரண்டு வாரத்தில் கைக்கு வந்ததும் ஷூர் தஸ்த்காவின் முதல் நான்கு சுரங்களுக்குச் செல்லலாம். கமான்சேயின் உண்மையான சுவை இங்கே தொடங்குகிறது. ஷூரின் இரண்டாம் சுரம் நம் சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் இடையே நிற்கிறது. இப்படி ஏறத்தாழக் கால் தொனி இறங்கிய சுரத்தைக் ‘கொரோன்’ என்பார்கள். அதை எழுதுவதற்கான குறியீட்டை வகுத்தவர் ஈரானிய இசையறிஞர் அலி நகீ வசீரி. மாஹூரில் சுட்டுவிரல் வைத்த இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிரடைப்பக்கம் பின்வாங்கினால் அந்த இடம் வரும். நடுவிரல் சாதாரண காந்தாரத்துக்கு இறங்கும், மோதிரவிரல் சுத்த மத்தியமத்திலேயே இருக்கும்.

நம் காது முதலில் இந்தச் சுரத்தை அபசுரம் என்று எண்ணி, விரலை ஏதேனும் ஒரு பக்கம் தள்ளப் பார்க்கும். அதை எதிர்த்துப் போராட ஒரே வழி கேட்பதுதான். அலி அஸ்கர் பஹாரியின் (1905–1995) ஒலிப்பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். வயலினின் செல்வாக்கில் கமான்சே ஓரங்கட்டப்பட்ட காலத்தில் அதைக் கைவிடாமல் காத்தவர் அவர். அடுத்து 1963 இல் டெஹ்ரானில் பிறந்த கேஹான் கல்ஹோர். அவர் மயிரின் விறைப்பை ஒரே சுரத்துக்குள் எப்படி மாற்றுகிறார் என்பதைக் கண்ணை மூடிக் கேட்டால், நான்காம் படியில் விரல் சிவக்கப் பழகியது எதற்காக என்பது விளங்கும்.

தோலைப் பேணுதல்

ஈரப்பதம் மிகுந்த நாளில் தோல் தொய்ந்து, குதிரை தாழ்ந்து, ஓசை மங்கிவிடும். வறண்ட நாளில் தோல் இறுகி ஓசை கூர்மையாகும். பயிற்சிக்கு முன் தோலின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் நலம், ‘தொப்’ என்றால் ஈரம் ஏறியிருக்கிறது. பறையை நெருப்பில் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு அதே யோசனை வரக்கூடும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கமான்சேயின் தோல் மிக மெல்லியது, நெருப்பின் அருகே சுருங்கிக் கிழிந்துவிடும். இரு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கித் தோலின் மீது சில நிமிடம் வைத்தாலே ஓரளவு தெளிவு வரும். வாசித்து முடித்ததும் தந்தியிலும் தோலிலும் படிந்த ரோசின் பொடியை உலர்ந்த துணியால் துடைத்து, வாத்தியத்தை உறையில் வையுங்கள். வெயில் படும் சன்னலோரத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

எட்டாம் படி: முதல் சொற்றொடர்

மூன்றாம் மாத இறுதியில் ஷூரின் ‘தராமத்’, அதாவது தொடக்கப் பகுதியிலிருந்து ஒரு சிறு சொற்றொடரை எடுத்துக்கொள்ளுங்கள். குறியீட்டுத் தாளைத் தேட வேண்டாம். ஈரானில் இதை ‘சீனே பெ சீனே’, நெஞ்சிலிருந்து நெஞ்சுக்கு என்று சொல்லி, வாய்மொழியாகவே கடத்தி வந்திருக்கிறார்கள். ஆசிரியர் இருந்தால் அவரிடமிருந்தும், இல்லையென்றால் ஒலிப்பதிவிலிருந்தும், ஐந்து விநாடிக்கு மேற்படாத ஒரு துண்டைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். வாயால் பாடி, அது பிசகாமல் வந்த பிறகு வில்லை எடுங்கள். முதலில் வெறுந்தந்தியில் அந்தச் சொற்றொடரின் வில்லிழுப்புகளை மட்டும் வாசியுங்கள்: எங்கே இழுப்பு, எங்கே தள்ளல், எங்கே மயிர் தொய்கிறது, எங்கே விறைக்கிறது. அது படிந்த பிறகு விரல்களைச் சேருங்கள்.