மாடி ஆன்டெனாவிலிருந்து ரூட்டர் வரை: இரைச்சல் ஏறாமல் 4ஜி கேபிள் இழுப்பது எப்படி?

வீட்டுக்குள் டவர் எட்டவில்லை என்று மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து, கேபிள் இழுத்து 4ஜி ரூட்டரில் மாட்டுகிறோம். சிக்னல் கோடுகள் ஏறிவிடும். வேகம் மட்டும் ஏறாது. பெரும்பாலும் கோளாறு கேபிளிலோ கனெக்டரிலோதான் இருக்கும்.

முதலில் அளவு

கோடுகளை நம்பாதீர்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது சிக்னலின் பலம்: -80 டிபிஎம்முக்கு மேல் அருமை, -100க்குக் கீழே பலவீனம். இரண்டாவது, இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்பது: 20க்கு மேல் நன்று, 0 பக்கம் போனால் திண்டாட்டம். வேலை தொடங்கும் முன் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேபிள்

50 ஓம் கோஆக்சியல் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை போர்த்தியது) வேண்டும். 4ஜி ஓடும் பேண்டுகளில் ஒன்றான 2300 மெகாஹெர்ட்ஸில், ஒவ்வொரு கேபிள் வகையிலும் 10 மீட்டருக்கு ஆகும் இழப்பைப் பாருங்கள்: எல்எம்ஆர்-400இல் சுமார் 2 டெசிபெல், எல்எம்ஆர்-200இல் சுமார் 5, சாதாரண ஆர்ஜி-58இல் ஏறக்குறைய 10. பத்து டெசிபெல் என்றால் பத்தில் ஒன்பது பங்கு கேபிளிலேயே போச்சு. ஆன்டெனா கூட்டிக் கொடுத்ததை கேபிள் தின்றுவிடும். ஆர்ஜி-58இல் ஒற்றைப் பின்னல் வலை மட்டுமே இருப்பதால் வெளிச் சிக்னலும் உள்ளே கசியும். எல்எம்ஆர் வகையில் ஃபாயிலும் வலையும் சேர்ந்து மறைப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

டிவி கேபிள் 75 ஓம் ஆயிற்றே என்று பலர் பயப்படுவார்கள். உண்மையில் அந்தப் பொருத்தமின்மையால் ஓர் இணைப்பில் திரும்புவது 4 சதவீத சக்திதான். மலிவான டிவி கேபிளின் ஓட்டை வலையும், அதற்காக மாட்டும் மாற்றுக் கனெக்டர்களும்தான் பெரிய தொல்லை.

கனெக்டர்: இங்கேதான் பாதிப் பேர் சறுக்குவது

4ஜி ரூட்டரின் எஸ்எம்ஏ துளைக்கு (ஆன்டெனா மாட்டும் மரை வைத்த துளை), நடுவில் ஊசி உள்ள பிளக் வேண்டும். வைஃபை ஆன்டெனாவுக்கான ஆர்பி-எஸ்எம்ஏ பிளக்கும் அதே மரையில் அழகாக முறுகும். ஆனால் நடுவில் ஊசி இருக்காது, எதுவும் எதையும் தொடாது. வாங்கும்போதே உள்ளே எட்டிப் பாருங்கள்.

கிரிம்ப் செய்யும்போது, அதாவது கனெக்டரைக் கேபிளில் நசுக்கிப் பொருத்தும்போது, வலையைச் சுற்றிலும் சீராக விரித்து விடுங்கள். எல்லா இழையையும் ஒரு பக்கமாக முறுக்கினால் மறுபக்கம் திறந்த வாசல். இரைச்சல் அதன் வழியே நுழையும். ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். எல்எம்ஆர்-200க்கு கிரிம்ப் கருவியில் 5.4 மிமீ அறுகோண டை (நசுக்கும் அச்சு) சரி.

பிறகு மல்டிமீட்டர்: இரு முனையும் எதிலும் மாட்டாத நிலையில், நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே தொடர்ச்சி காட்டக் கூடாது. ஆன்டெனாவை மாட்டிய பின் ஷார்ட் காட்டினால் பதற வேண்டாம். பல ஆன்டெனாக்களின் அமைப்பே அப்படித்தான்.

இழுக்கும் வழி

ரூட்டரில் ஆன்டெனாவுக்கு இரண்டு துளைகள் இருப்பதால் கேபிளும் இரண்டு. இரண்டு கேபிள்களும் ஒரே வகை, ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கட்டும். சென்டிமீட்டர் சுத்தமாக வேண்டாம். எல்எம்ஆர்-400ஐ 25 மிமீ ஆரத்துக்குக் கீழே ஒருபோதும் வளைக்காதீர்கள். இன்வெர்ட்டர், எல்இடி டிரைவர் ஆகியவற்றிலிருந்து தள்ளி இழுங்கள். அவற்றின் இரைச்சல் வலையின் வெளிப்பக்கமாக ஏறி ரூட்டர் வரை வரும். ஃபெரைட் கிளிப் (கேபிளின் மேல் கவ்வவிடும், இரைச்சலை அடக்கும் காந்தப் பொருள் வளையம்) 700–900 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளில் கொஞ்சம் உதவும். 2300இல் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

வெளிக் கனெக்டருக்கு ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி சுற்றுங்கள். மேலே பிவிசி டேப். சுவருக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு முறை கீழே தொங்க விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின்பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் கருவி) வைத்து, வீட்டு எர்த்துடனே இணையுங்கள்.

கேபிளா, ஆன்டெனாவா?

ரூட்டரை வெளி ஆன்டெனா நிலைக்கு மாற்றி, இரு துளைகளிலும் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும், சிக்னலைப் பிடிக்காத மூடி) மாட்டி ஆர்எஸ்ஆர்பியைக் குறியுங்கள். அடுத்து கேபிள்களை மாட்டி, மாடி முனையில் ஆன்டெனாவுக்குப் பதில் அதே லோடுகளை மாட்டுங்கள். இப்போது எண் தெளிவாக ஏறினால், கேபிளோ கனெக்டரோ தானே ஆன்டெனாவாக வேலை செய்கிறது. ஏறாவிட்டால் கேபிள் சுத்தம். ஆன்டெனாவை 10 டிகிரி வீதம் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுத்து, எஸ்ஐஎன்ஆர் உச்சம் தொடும் திசையில் நிறுத்துங்கள். அது ஆர்எஸ்ஆர்பி உச்சமாகும் திசையாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து டவரை ஒதுக்கும் திசையே மேல்.

15 மீட்டருக்கு மேல் தூரமென்றால் கோஆக்சியலோடு மல்லுக்கட்டாதீர்கள். ரூட்டரை நிழலான, மழை புகாத பெட்டியில் ஆன்டெனா அருகிலேயே வைத்து, 100 மீட்டர் வரை லேன் கேபிள் இழுங்கள். அலுமினியத்தில் செம்பு பூசியது வேண்டாம், முழுச் செம்பாக வாங்குங்கள். நடுவில் பூஸ்டர் மட்டும் வேண்டாம்: உரிமமின்றி வைப்பது இந்தியாவில் சட்டவிரோதம், அது கிளப்பும் இரைச்சல் டவரையே பாதிக்கும்.