எலைசா பஃபரில் விடும் பிழைகள்

எலைசா என்பது பிறபொருளெதிரியைக் (அன்டிபொடி) கொண்டு மாதிரியில் உள்ள ஒரு பொருளைத் தட்டில் அளக்கும் சோதனை. அது சரிவராவிட்டால் பழி முதலில் பிறபொருளெதிரியின் மேல்தான் விழும். புதிதாக ஓடர் போட்டு, அது கொழும்புக்கு வந்துசேர வாரக்கணக்கில் காத்திருந்து பார்த்தால், விளைவு பழையபடியேதான். அதற்கு முன்னர், பஃபர் (பிஎச்சை நிலையாக வைத்திருக்கும் கரைசல்) செய்யும் உப்புப் போத்தல்களின் லேபிளை ஒருமுறை வாசியுங்கள்.

பிபிஎஸ் (பொஸ்பேற்று கலந்த உப்புக்கரைசல்) செய்முறையில் லீற்றருக்கு 1.44 கிராம் டைசோடியம் ஐதரசன் பொஸ்பேற்று என்றிருக்கும். இது நீரற்ற உப்புக்கான கணக்கு. அலுமாரியில் இருப்பது 2 நீர் மூலக்கூறு கொண்ட உப்பென்றால் 1.81 கிராம், 12 கொண்டதென்றால் 3.63 கிராம் நிறுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் 1.44 போட்டால் பிஎச் 7.4 இற்குக் கீழே நிற்கும். உடனே சோடியம் ஐதரொட்சைட்டு விட்டு ஏற்றிவிடுவார்கள். மீற்றர் 7.4 காட்டும், பொஸ்பேற்று மட்டும் குறைந்தபடியே இருக்கும்.

ட்ரிஸ் என்ற மற்றப் பஃபர் இன்னும் பொல்லாதது. ஒரு பாகை சூடு கூடினால் அதன் பிஎச் ஏறத்தாழ 0.03 இறங்கும். 25 பாகையில் 8.0 என்று வைத்த கரைசல் 4 பாகைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் 8.6 ஆகிவிடும். மீற்றரில் உள்ள வெப்பநிலைத் திருத்தம் மின்வாய்க்குத்தான், கரைசலுக்கு அல்ல. எனவே எந்த வெப்பநிலையில் பாவிக்கப் போகிறீர்களோ அதிலேயே பிஎச்சைச் சரிசெய்யுங்கள். கோட்டிங்கிற்கு, அதாவது புரதத்தைத் தட்டில் ஒட்டவைக்கும் படிக்கு, செய்முறையில் வரும் 'இரவு முழுக்க அறை வெப்பநிலையில்' என்ற வரியையும் நம்ப வேண்டாம். எழுதியவரின் அறை 20 பாகையாக இருந்திருக்கலாம். மாலையில் ஏசி நிறுத்தும் நம் அறை அப்படியல்ல. கோட்டிங்கை 4 பாகையில் விடுவதே நல்லது.

கோட்டிங்கிற்கு வழமையானது 50 மில்லிமோலர் காபனேற்று, பிஎச் 9.6: லீற்றருக்குச் சோடியம் காபனேற்று 1.59 கிராம், இருகாபனேற்று 2.93 கிராம். இதில் ட்வீனோ (சவர்க்காரம் போன்ற பொருள்) பிஎஸ்ஏயோ (மாட்டுச் சீரப் புரதம்) கலந்தால் உங்கள் புரதம் ஒட்ட இடமிருக்காது. சில புரதங்களுக்கு 9.6 ஒத்துவராது; அதே தட்டில் இரண்டு வரிசையைப் பிபிஎஸ்ஸில் கோட் பண்ணி ஒப்பிடுங்கள்.

கெடாமல் இருக்கட்டும் என்று சோடியம் அசைட் போட்ட பஃபர், நிறம் தரும் நொதியமான எச்ஆர்பியை முடக்கும். அதற்குப் பதிலாக அல்கலைன் பொஸ்பற்றேஸ் நொதியம் பாவித்தால் கழுவுவதற்குப் பிபிஎஸ் கூடாது, பொஸ்பேற்று அந்த நொதியத்தைத் தடுக்கும். ட்ரிஸ் சேலைனுக்கு மாறுங்கள். பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் முறையில், தட்டின் வெற்றிடங்களை மூட ஆடை நீக்கிய பால்மா வேண்டாம், பாலிலேயே பயோட்டின் உண்டு.

ட்வீன்-20 பாகுபோல் பிசுபிசுப்பானது. கழுவும் பஃபர் ஒரு லீற்றருக்கு வேண்டிய 0.5 மில்லிலீற்றரை நேரே பிப்பெற்றால் எடுத்தால் பாதி முனையிலேயே தங்கிவிடும். 10% கரைசல் செய்து லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் விடுங்கள்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் கடைசியில்தான்: ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) வெறும் பஃபரில், மாதிரியோ சீரத்தில் (குருதியின் தெளிந்த நீரில்). வளைகோடு அழகாக வரும், மாதிரியின் எண் பொய்யாக இருக்கும். சீரத்தில் ஸ்டாண்டர்டைத் தெரிந்த அளவு சேர்த்து அளந்து பாருங்கள். 80 முதல் 120% திரும்பக் கிடைக்காவிட்டால் ஐதாக்கும் கரைசலைத்தான் மாற்ற வேண்டும்.