மாதவிடாய் நிற்கும் காலமும் புரோஜெஸ்டிரோனும்: எங்கிருந்து தொடங்குவது?

நாற்பதைத் தாண்டியதும் மாதவிடாய் தாறுமாறாக வர ஆரம்பித்தால், முதல் வேலையாக ஒரு நோட்டை எடுத்துத் தேதி, எத்தனை நாள் ரத்தப்போக்கு, தூக்கம் எப்படி, உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கும் நேரம் எல்லாவற்றையும் இரண்டு மூன்று மாதம் எழுதி வையுங்கள். 45 வயதுக்கு மேல் ஹார்மோன் ரத்தப் பரிசோதனையைவிட இந்த நோட்டுதான் மருத்துவருக்கு அதிகம் சொல்லும், ஏனென்றால் அந்த அளவுகள் நாளுக்கு நாள் மாறும்.

கருமுட்டை வெளியானால்தான் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் போதுமான அளவு சுரக்கும். முட்டை வராத மாதங்களில் அது குறைந்து, இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதால் கருப்பையின் உள்சவ்வு தடித்து ரத்தப்போக்கு அதிகமாகலாம்.

சரி, சிகிச்சை? உடம்பு கொதித்து வியர்ப்பது போன்ற தொல்லைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் தருவார்கள். ஆனால் கருப்பை இருப்பவர்கள் மாத்திரையாகவோ ஒட்டுப்பட்டையாகவோ ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் உள்சவ்வில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும், அதனால்தான் கூடவே புரோஜெஸ்டிரோன் தருகிறார்கள். வழக்கமாகத் தினமும் 100 மில்லிகிராம், அல்லது மாதத்தில் 12 முதல் 14 நாள் 200 மில்லிகிராம். அது தூக்கத்தைக் கொண்டுவரும், ஆகவே படுக்கப் போகும்போது போடுங்கள். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்திருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகளில் கடலை எண்ணெய் உண்டு, ஒவ்வாமை இருப்பவர்கள் கேட்டு வாங்குங்கள்.

‘இயற்கை’ என்று விற்கும் காட்டுவள்ளிக் கிழங்கு கிரீமில் காசைப் போடாதீர்கள். அந்தக் கிழங்கில் உள்ள பொருளைப் புரோஜெஸ்டிரோனாக மாற்ற ஆய்வுக்கூடத்தால் முடியும், உடம்பால் முடியாது.

அப்புறம், 12 மாதம் மாதவிடாயே இல்லாமல் இருந்து ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.