பழைய பத்மினியின் ஹார்ன் ஒலிக்கவில்லையா? ஒரு பல்பை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் நிற்கும் 1986ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி கார், சென்ற மழைக்காலம் முடிந்ததும் ஊமையாகிவிட்டது. ஸ்டீயரிங்கில் உள்ள ஹார்ன் வளையத்தை அழுத்தினால் முன்பக்கத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும், தேவையே இல்லாமல் வாங்கிய ஒரு சோடிப் புதிய ஹார்னும் செலவான பிறகே கோளாறு இருந்த இடம் தெரிந்தது.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இத்தகைய பழைய வண்டிகள் பலவற்றில் ஹார்னின் சுவிட்ச் எர்த் பக்கத்தில்தான், அதாவது பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்த பாடிப் பக்கத்தில்தான் இருக்கும். பேட்டரியின் மின்சாரம் ஃபியூஸ் வழியாக ஹார்ன்வரை வந்து காத்திருக்கும். வளையத்தை அழுத்தும்போது ஸ்டீயரிங் தண்டின் வழியாக அதற்கு எர்த் கிடைத்துச் சுற்று முழுமையடையும். ஆகவே, அழுத்தாத நிலையில் ஹார்னின் இரு முனைகளிலும் 12 வோல்ட் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு ஒயர் மாறிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

படி 1. ஃபியூஸைக் கழற்றி, அதன் முனைகளையும் அதைப் பிடித்திருக்கும் தகடுகளையும் உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள். மும்பையின் உப்புக்காற்றில் அங்கே பச்சைக் களிம்பு படியாமல் இருந்தால்தான் வியப்பு.

படி 2. ஹார்னின் இரு ஒயர்களையும் கழற்றிவிட்டு, நடுவே 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த தனி ஒயர்களால் பேட்டரியோடு நேரடியாக இணையுங்கள். நன்றாக ஒலித்தால் ஹார்னில் பழுதில்லை. நான் இதைச் செய்யாமல் கடைக்கு ஓடினேன். ஒலி கம்மினால், பின்புறத் திருகைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இருபுறமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள்.

படி 3. என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். பேட்டரியின் நேர்முனைக்கும், வளையத்திலிருந்து ஹார்னுக்கு வரும் ஒயருக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து வளையத்தை அழுத்தச் சொன்னபோது, மீட்டர் 12.4 வோல்ட் என்று காட்டியது. எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டினேன். ஆனால் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு என்பதால், துருப்பிடித்த இணைப்பையும் அது தாண்டி முழு வோல்ட்டைக் காட்டிவிடும். ஹார்ன் ஒன்று 4 ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடியது. அந்தப் பாதையில் ஒரே ஒரு ஓம் தடை சேர்ந்தால்கூட ஏறத்தாழ 3 வோல்ட் வழியிலேயே வீணாகிவிடும்.

எனவே மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் பொருத்தி, இரண்டு ஒயர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி இல்லை என்பது என் கருத்து. வீட்டு டெஸ்டர் 12 வோல்ட்டுக்கு எரியாது. சிறு எல்இடி வைத்த சோதனைக் கருவிகளோ மீட்டரைப் போலவே ஏமாற்றும். மீட்டர் வைத்த அதே இரு இடங்களில் பல்பை வைத்து வளையத்தை அழுத்தியபோது, அது மங்கிய செந்நிறத்தில் முனகியது.

படி 4. அடுத்து, ஸ்டீயரிங் தண்டைச் சுற்றியுள்ள இரும்புக் குழாயைச் சுரண்டி, அங்கிருந்து பேட்டரியின் எதிர்முனைக்குத் தனி ஒயர் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால், வளையம் வரை எல்லாம் சரி. குழாய்க்கும் பாடிக்கும் இடையில்தான் குறை. என் வண்டியில் அதுவே நடந்தது. முன்பு பெயிண்ட் அடித்தவர், டாஷ்போர்டுக்கு அடியில் குழாயைத் தாங்கும் பிராக்கெட்டின் அடியிலும் பெயிண்டைப் பூசியிருந்தார். போல்ட்டின் மரை வழியாக மட்டுமே கிடைத்துவந்த எர்த்தும் மழைக்காலத் துருவில் போய்விட்டது. உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல்வாஷர் போட்டு முறுக்கினேன். மாறாக, தனி ஒயர் கொடுத்தும் பல்பு மங்கலாகவே இருந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்கின் நடுமூடியைத் திறந்து தொடுமுனைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

படி 5. சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சான ரிலேயைப் பொருத்துவதை நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் பழுதை நீக்கிய பிறகே. முதலிலேயே பொருத்தினால், அதன் சுருள் இழுக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்துக்குக் கெட்ட எர்த்தே போதுமானதாகி, குறை மறைந்து நிற்கும். ரிலேயின் முனைகளில் குறித்துள்ள எண்களின்படி, 30க்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87க்கு ஹார்ன், 86க்கு நேர்மின், 85க்கு வளையத்து ஒயர் என்று இணைத்து, ஹார்னின் மறுமுனையைப் பாடியோடு எர்த் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த பெங்களூரு வாசகர் ஒருவர், தம் அம்பாசடரில் ஹார்ன் நிற்காமல் அலறுவதாக எழுதியிருந்தார். சுவிட்ச் எர்த் பக்கம் இருந்தால், உராய்ந்து தோல் உரிந்த ஒயர் பாடியைத் தொட்டாலே அப்படி ஒலிக்கும். முதலில் ஃபியூஸைப் பிடுங்குங்கள். ஸ்டீயரிங் தண்டிலிருந்து வரும் ஒயரைக் கழற்றியபின் ஃபியூஸை மீண்டும் போடுங்கள். சத்தம் இல்லையென்றால், கழற்றிய இடத்திலிருந்து வளையம் வரையுள்ள ஒயரையும் வளையத்தின் தொடுமுனைகளையும் மட்டும் பார்த்தால் போதும்.