மார்ச்சிங் பேண்ட் ஸ்காலர்ஷிப்: எவ்வளவு கிடைக்கும், எப்படி வாங்குவது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருடம் டிரம்பெட்டோ ஸ்நேர் டிரம்மோ வாசித்த பிள்ளைக்குக் கல்லூரியில் மார்ச்சிங் பேண்ட், அதாவது அணிவகுத்தபடி வாசிக்கும் இசைக்குழுவுக்கான ஸ்காலர்ஷிப் கிடைக்க வாய்ப்பு உண்டு. முழுப் படிப்புச் செலவும் அதில் அடங்கிவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். பல அரசுப் பல்கலைக்கழகங்களில் இது வருடத்துக்குச் சில நூறு டாலரில் தொடங்கி ஓரிரு ஆயிரத்தில் முடிந்துவிடும். பேர்பெற்ற சில பேண்டுகள் முதல் வருடத்தில் ஒன்றுமே தராது. இடம் கிடைத்தால் போதும் என்று வருகிற கூட்டம் அவர்களுக்கு உண்டு.

தாராளமாகத் தரக்கூடிய இடங்கள் வேறு. ஃபுளோரிடா ஏ அண்ட் எம், ஜாக்சன் ஸ்டேட், சதர்ன் போன்ற, கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளில் பேண்ட்தான் கல்லூரியின் முகம். இன்னொரு வகை, மாணவர் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகப் புதிதாக பேண்ட் தொடங்கும் சிறிய தனியார் கல்லூரிகள். கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3-இல் உள்ள கல்லூரிகள் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் தரக்கூடாது என்பது விதி. பேண்டுக்கு அந்தத் தடை இல்லை. பெரும்பாலும் இசையை முதன்மைப் பாடமாக எடுக்கவும் தேவையில்லை. இன்ஜினியரிங் படித்துக்கொண்டே வாசிக்கலாம்.

தொகையை விட முக்கியமானது அது எதைத் திறந்துவிடுகிறது என்பது. டெக்சஸ் சட்டப்படி, போட்டி அடிப்படையில் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் பெறும் வெளிமாநில மாணவரிடம், வரம்புக்கு உட்பட்டு, உள்மாநிலக் கட்டணம் வாங்கலாம். உள்ளூர் மாணவர்களும் போட்டியிட்டிருக்க வேண்டும். கல்லூரி அங்கீகரித்த குழு தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இரண்டு கட்டணத்துக்கும் இடையிலான வித்தியாசம் அந்த ஆயிரத்தைப் போலப் பல மடங்கு. ஆகவே வெளிமாநிலக் கல்லூரியிடம் முதலில் கேட்க வேண்டியது, “இந்த ஸ்காலர்ஷிப்புடன் வெளிமாநிலக் கட்டண விலக்கு வருமா?” என்பதுதான்.

பேண்ட் இயக்குநரைத் தேடுவதற்கு முன் மத்திய அரசின் மாணவர் உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை முடியுங்கள். வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். மாணவருக்கும் பெற்றோருக்கும் தனித்தனி இணையக் கணக்கு வேண்டும். வருமான வரியைக் கூட்டாகத் தாக்கல் செய்யும் பெற்றோரில் ஒருவர் போதும். 2026 இலையுதிர் காலத்தில் சேர்பவருக்கு 2024-ஆம் ஆண்டு வரிக்கணக்கு பார்க்கப்படும். வரித் தகவலை எடுக்கச் சம்மதம் தராவிட்டால் மத்திய அரசு உதவி எதுவும் கிடைக்காது. பலரும் சிக்குவது இங்கேதான். 2025-26-க்கு, திருப்பிக் கட்டத் தேவையில்லாத மத்திய அரசு உதவியான பெல் கிராண்டின் உச்சவரம்பு 7,395 டாலர். பெற்றோரைச் சார்ந்த முதல் வருட மாணவர் தன் பெயரில் எடுக்கக்கூடிய மத்தியக் கடன் 5,500. மாநிலங்களும் கல்லூரிகளும் வைக்கும் கெடு மத்திய அரசின் கெடுவுக்கு வெகு முன்னதாக வரும். சில தனியார் கல்லூரிகள் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு நிதி உதவி விண்ணப்பமும் கேட்கும்.

நம் குடும்பங்களில் ஒரு சிக்கல் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் ஃபாஃப்சா உதவி பெறலாம்; எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அது கிடையாது. பேண்ட் பணம் கல்லூரியின் சொந்தப் பணம் என்பதால் அங்கே கதவு மூடியிருக்க வேண்டியதில்லை. அது ஸ்காலர்ஷிப்பா, சம்பளமா என்பதை மட்டும் எழுத்தில் உறுதி செய்யுங்கள். எச்-4 பிள்ளை சம்பளம் வாங்க முடியாது.

ஆடிஷனுக்கான வேலையைப் பதினோராம் வகுப்புக் கோடையிலேயே தொடங்குவது நல்லது. பேண்ட் இணையதளத்தில் புதிய மாணவர் படிவத்தை நிரப்பி, என்ன கருவி, எத்தனை வருட அனுபவம், என்ன படிக்கப் போகிறார் என்று இயக்குநருக்குச் சுருக்கமாக எழுதுங்கள். அதைப் பிள்ளையே எழுத வேண்டும். அப்பா எழுதிய மின்னஞ்சல் படித்ததுமே தெரிந்துவிடும். பொதுவாகக் கேட்பது ஸ்கேல்கள், ஒரு மெதுவான பகுதி, ஒரு வேகமான பகுதி, சில இடங்களில் பார்த்தவுடன் வாசித்தல். வீடியோ என்றால் வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுங்கள். கைபேசியைக் கருவிக்கு மிக அருகில் வைத்தால் பித்தளைக் கருவியின் ஒலி உடைந்து கேட்கும்; சில அடி தள்ளி வையுங்கள். புல்லாங்குழல், சாக்ஸஃபோன் வாசிப்பவர்கள் குவிந்திருப்பார்கள். சூசஃபோன், மெலஃபோன் போன்ற பித்தளைக் கருவிகளுக்கு ஆள் தேடுவார்கள். டிரம்பெட் வாசிக்கும் பிள்ளை மெலஃபோனுக்கு மாறத் தயார் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லலாம். பெரிய கருவிகளைக் கல்லூரியே கொடுப்பது வழக்கம்.

ஸ்காலர்ஷிப் கடிதம் கைக்கு வந்ததும் நிபந்தனைகளைப் படியுங்கள். எந்த ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வேண்டும், நான்கு வருடமும் புதுப்பிக்கப்படுமா, கூடைப்பந்து ஆட்டங்களில் வாசிக்கும் பெப் பேண்டும் கட்டாயமா? பேண்ட் ஒரு பாடமாகப் பதிவாகும்; முழுநேரக் கட்டண வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் (பாட அலகுக்கும்) தனிக் காசு கேட்கும் கல்லூரிகள் உண்டு. ஷூ, கையுறை, பேண்ட் கட்டணம், ஆகஸ்ட் முகாமுக்கு விடுதியில் முன்கூட்டியே தங்கும் செலவு எல்லாவற்றையும் கழித்தால் 500 டாலர் ஸ்காலர்ஷிப்பில் மிஞ்சுவது சொற்பம். இடையில் பேண்டை விட்டால் பணம் பொதுவாக நின்றுபோகும். இரண்டாம் வருடம் லேப் வகுப்பு மாலைப் பயிற்சியோடு மோதும்போதுதான் பலர் விடுகிறார்கள். முதல் வருடத்திலேயே பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பேண்ட் பணம் வந்ததும் கல்லூரி தன் வேறு உதவியைக் குறைக்கலாம். கடனைக் குறைத்தால் லாபம், கிராண்டைக் குறைத்தால் உழைப்புதான் மிச்சம். எதில் கழிப்பார்கள் என்று நிதி உதவி அலுவலகத்திடம் கேளுங்கள். பேண்ட் இயக்குநருக்கு அது தெரியாமல் இருக்கலாம். வரியும் உண்டு: கல்விக் கட்டணம், கட்டாயப் புத்தகங்களுக்குப் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்லை, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வருமானமாகக் கணக்காகும்.

கடிதங்களை ஒப்பிடும்போது மொத்தச் செலவிலிருந்து கிராண்டையும் ஸ்காலர்ஷிப்பையும் மட்டும் கழியுங்கள். கடனும் வொர்க் ஸ்டடியும் (படித்துக்கொண்டே வேலை செய்து வாங்கும் சம்பளம்) அதே பட்டியலில் “உதவி” என்று உட்கார்ந்திருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். மிச்சத் தொகை அதிகமாக இருந்தால், வேலை இழப்பு, மருத்துவச் செலவு போன்ற மாற்றங்களுக்கு ஆதாரம் இணைத்து நிதி உதவி அலுவலகத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். பேண்ட் தொகையைக் கூட்டச் சொல்வதென்றால் இன்னொரு கல்லூரியின் கடிதத்தோடு இயக்குநரிடம் பேசலாம். பல கல்லூரிகளுக்கு முடிவு சொல்லும் கடைசி நாள் மே 1. ஏப்ரல் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள், மாத இறுதியில் அவர்கள் கையில் பணம் இருக்காது.