ஐப்பசி மழையில் இரண்டு பேராகப் பறவை பார்க்கத் தொடங்குவது எப்படி: செங்கோட்டைப் புறவாசலிலிருந்து

மகன் வேலைக்கென்று பெங்களூரு போன வருஷம், புரட்டாசிக் கடைசியில் நாங்கள் இதைத் தொடங்கினோம். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு பேர், ஒரு டிவி, வெளியே மழை. "எங்கயாவது போவோமா?" என்று ஆரம்பித்த பேச்சு, கடைசியில் புறவாசலைக் கூட்டலாமா கூடாதா என்ற சண்டையில் வந்து நின்றது. அந்தச் சண்டைக்கு அப்புறம் வருகிறேன்.

கீழே இருப்பது நாங்கள் செய்த வரிசை அல்ல, செய்திருக்க வேண்டிய வரிசை. நாங்கள் முதலில் காசைச் செலவழித்தோம், பிறகுதான் கண்ணைத் திறந்தோம். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள்.

ஏன் ஐப்பசி?

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். அந்த மழையில் போய்ப் பறவையா என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். ஆனால் வடக்கே குளிர் தொடங்கி வலசைப் பறவைகள் நம் பக்கம் வந்து இறங்குவது இந்தச் சமயத்தில்தான். ஓடைக் கரையில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் சாம்பல் வாலாட்டி, கரண்ட் கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், வேலிமுள்ளில் தனியாக முறைத்துக்கொண்டிருக்கும் பழுப்புக் கீச்சான் எல்லாம் இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிறவை. ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. குற்றாலத்துச் சாரல் காலம் முடிந்து கூட்டமும் கலைந்திருக்கும். தென்காசிக்காரர்களுக்கு ஊர் தங்கள் ஊராகத் திரும்பக் கிடைக்கும் மாதம் இது.

முதல் படி: எதையும் வாங்காதீர்கள். ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள்.

பதினைந்து நாள், காலை ஆறிலிருந்து ஏழு வரை, மரம் தெரிகிற ஒரு ஜன்னல் பக்கம் இரண்டு நாற்காலி போட்டு உட்காருங்கள். காபியை முன்னாலேயே போட்டுவிடுங்கள். நடுவில் எழுந்தால் பார்த்தது போய்விடும்.

எங்களுக்கு அந்த ஜன்னல் மகனுடைய அறையில் இருந்தது. பலா மரத்துக்கு நேர் எதிரே இருந்த ஜன்னலை பீரோ வைத்து அடைத்திருந்தோம். அதை நகர்த்த மனசு வர எனக்கு ஒரு வாரம் ஆனது. நகர்த்திய பிறகு பார்த்தால் பீரோவுக்குப் பின்னால் அவனுடைய கிரிக்கெட் பந்து மூன்று கிடந்தன.

முதல் பதினைந்து நாளில் பத்துப் பறவை தெரிந்தால் போதும். காகம், மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், செம்போத்து, சின்னான், தேன்சிட்டு, குக்குறுவான், வால்காக்கை, மீன்கொத்தி என்று எங்கள் பட்டியல் முடிந்தது. இதில் பாதிக்கு மேல் வருஷக்கணக்காக நம் வீட்டிலேயே இருந்தவை. பெயர்தான் தெரியாமல் இருந்தது.

பெயர் விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்த பகுதி. பறவையியலாளர் சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது நாங்களும் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். அதனால் பெரியவர்களைக் கேட்டால் சில பறவைக்கு இரண்டு பெயர் சொல்வார்கள். செம்போத்தை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவு டீக்கடையில் கேட்டால் ஒருவர் 'உப்பன்' என்பார், இன்னொருவர் 'செம்போத்து' என்றே சொல்வார். குறிப்பேட்டில் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தண்ணீர் வையுங்கள், ஆனால் யோசித்து

அகலமான மண்சட்டி, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். நடுவில் ஒரு கல். பூனை பதுங்க இடம் தரும் செடியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் இதில் சோம்பல் கூடாது, தேங்கிய தண்ணீரில் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். மழை பெய்கிறதே, தண்ணீர் எதற்கு என்று அவர் கேட்டார். மழை விட்ட மத்தியானம் சின்னான் நாலு சேர்ந்து அதில் குளித்ததைப் பார்த்த பிறகு கேட்கவில்லை.

மூன்றாம் படி: பைனாகுலர்

பொருட்காட்சியில் 'ஐம்பது மடங்கு' என்று எழுதி விற்ற ஒன்றை முதலில் வாங்கினோம். கையில் பிடித்தால் உலகமே நடுங்கியது. மடங்கு கூடக் கூடக் கையின் நடுக்கமும் அதே அளவு பெருகித் தெரியும். காட்சிப் பரப்பும் சுருங்கிவிடும், குருவி எங்கே என்று தேடியே பொழுது போகும். 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். மரநிழலிலும் மப்பு வானத்திலும் வெளிச்சம் போதுமான அளவு உள்ளே வர அந்த விட்டம் வேண்டும்.

வாங்கியதும் நிறையப் பேர் செய்யாமல் விடுவது கண்ணுக்குப் பொருத்துவது. இதை நிதானமாகச் செய்யுங்கள்:

1. இரண்டு குழலையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள்.
2. வலது முன் கண்ணாடியைக் கையால் மூடுங்கள். தூரத்தில் எழுத்துள்ள ஒரு பலகையை இடது கண்ணால் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள்.
3. இப்போது இடதை மூடுங்கள். நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள்.

அவ்வளவுதான். இனிமேல் நடுச் சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே பைனாகுலர் என்றால் வலது வளையம் ஆளுக்கொரு இடத்தில் நிற்கும். என் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு, அவர் இடத்தில் வெள்ளைப் பொட்டு வைத்தேன். அதற்கு முன்னால் ஒவ்வொரு முறை கை மாறும்போதும், "நீ என்னத்த திருகி வச்ச?" என்பதுதான் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம்.

மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். தோல் உறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் நாலைந்தோடு வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். எங்கள் முறுக்கு டப்பா ஒன்று இந்த வேலைக்குப் போய்விட்டது. தீபாவளிக்கு வேறு டப்பா தேட வேண்டியதாயிற்று.

நான்காம் படி: காட்டிக்கொடுக்கக் கற்றுக்கொள்வது

கணவன் மனைவிக்கு இதுதான் பெரிய பாடம். முதல் மாதத்தில் எங்கள் பேச்சு இப்படி இருந்தது:

"ஏளா, அந்தா இருக்கு பாரு."

"எங்கங்க?"

"அந்தா, அந்த மரத்துல."

"எந்த மரத்துல?"

"அந்தா... ம், போயிருச்சி."

கையை நீட்டாதீர்கள். கை அசைந்தால் குருவி போகும். மரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள், உச்சி பன்னிரண்டு மணி. "கரண்ட் கம்பத்துக்கு வலது பக்கத்துப் பலா, மூணு மணி, தண்டை ஒட்டி" என்று மெதுவாகச் சொல்லுங்கள். முதலில் அசையாத ஒரு பொருள், அப்புறம் மரம், அப்புறம் மணி. குருவியின் பெயர் கடைசியில்தான். பெயரை முதலில் சொன்னால் அதுவா இதுவா என்று விவாதம் தொடங்கிவிடும்.

பைனாகுலரைத் தூக்கும்போது கண்ணைக் குருவியை விட்டு எடுக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இது பழக எனக்கு மூன்று நாள், அவருக்கு மூன்று வாரம்.

பெயர் தெரியாததைக் குறிப்பேட்டில் அளவோடு எழுதுங்கள்: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா. பிறகு அலகு, வால், நடந்ததா தத்தியதா, எந்த உயரத்தில் இருந்தது. நிறம் கடைசியில். மப்பு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் ஆப் இலவசம், சத்தத்தைக் கேட்டும் பெயர் சொல்லும். அது சொல்வதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் எழுதாதீர்கள். பறவையை வரவைக்க அதன் குரலைப் போனில் ஒலிக்கவிடவே வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டதென்று அது இரையை விட்டுவிட்டு அலைபாயும்.

ஐந்தாம் படி: வெளியே போவது

எடுத்த எடுப்பிலேயே காட்டுக்குப் போகாதீர்கள். காட்டில் குரல்தான் கேட்கும், ஒன்றும் தெரியாது. முதலில் குளம். நீர்க்காகம், நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் பெரிய உடம்பு, ஒரே இடத்தில் நிற்கும், புதுக் கண்ணுக்கு ஏற்றவை. அடுத்து புளியரை வயல்வெளி, குண்டாறு அணைச் சாலை. குண்டாறு 36 அடி உயரச் சின்ன அணை, சீக்கிரம் நிரம்பிவிடும். வழியும் நாளில் தண்ணீருக்குப் பக்கத்தில் போக வேண்டாம். அருவிகளில் குளிக்கத் தடை போட்டிருக்கும் நாளில் ஓடைக் கரையும் நமக்கு இல்லை.

மூன்றாவதாக, கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு. 2018இல் அகல ரயில் பாதை வேலை முடிந்தபின் ரயிலிலும் போகலாம், பஸ்ஸும் உண்டு. ஓடைப் பாலத்தில் நின்று காது கொடுங்கள். யாரோ வேலையற்ற பையன் சீழ்க்கை அடித்துக்கொண்டு போவது போலக் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. மலையாளத்தில் சூளக்காக்கை. பாலருவிக்கு வனத்துறையிடம் டிக்கெட் வாங்கி, அவர்கள் விடும் வழியில் மட்டும் போக வேண்டும். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. யானை நடமாட்டம் உள்ள இடம், சட்டத்தைவிட அது பெரிய காரணம்.

கார்த்திகை ஒன்றாம் தேதிக்கு மேல் இந்தச் சாலை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் நிறைந்துவிடும். ஐப்பசிக்குள் போய்வந்துவிடுங்கள்.

அட்டைக்கு: பேண்டைக் காலுறைக்குள் செருகி, காலுறை மேல் புகையிலைத் தண்ணீர் தொட்டுக்கொள்ளலாம். கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள். நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தித் தள்ளினால் விழுந்துவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை. வீடு திரும்பியதும் நனைந்ததை எல்லாம் வாசலிலேயே கழற்றுங்கள். இதற்காக வாசல் திண்ணைக்கு மேலே ஆறு ஆணி அடித்தோம். ஒரு அட்டை சோபா வரை வந்த பிறகு அடித்தது.

ஆறாம் படி: குப்பையை விட்டுவைப்பது

இதுதான் அந்தச் சண்டை. தினமும் விடியற்காலையில் புறவாசலைக் கூட்டிப் பழகியவள் நான். பலா இலை விழுந்து கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். ஆறுமணிக்குருவி சருகைப் புரட்டித்தான் பூச்சி, புழு தின்னும் என்று அவர் எங்கோ படித்துவிட்டு, பலா மரத்தடியில் மட்டும் கூட்டாதே என்றார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பெண், "என்ன சித்தி, மேலுக்கு முடியலயா?" என்று கேட்டாள்.

நீங்கள் விடுவதாக இருந்தால் வீட்டுப் படியிலிருந்து தள்ளி ஒரு மூலையை ஒதுக்குங்கள். பாம்பு வரும், இருட்டில் டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். குழந்தைகள் விளையாடும் இடமாக இருந்தால் இந்தப் படியே வேண்டாம்.

இருபது நாள் ஒன்றும் வரவில்லை. தவிட்டுக்குருவிதான் கும்பலாக வந்து புரட்டியது. ஐப்பசி மூன்றாம் வாரத்தில் ஒருநாள், அடித்துப் பெய்து விட்டிருந்த சாயங்காலம், அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் போனேன். இரட்டைச் சீழ்க்கை கேட்டது. பலாவுக்கு அடியில் மைனாவைவிடச் சின்னதாக ஒன்று, வாலே இல்லாதது போலக் குட்டை வால், பச்சை முதுகு, கண் வழியாகக் கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமம் அப்பியது போலச் சிவப்பு. ஒரு இலையை அலகால் தூக்கித் தள்ளியது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, இரண்டு தத்துத் தத்தி அடுத்த இலைக்குப் போனது. நான் பாத்திரத்தோடு அப்படியே நின்றேன். அவர் ஜன்னலில் நின்றிருந்தார். "பலா, ஆறு மணி" என்று மெதுவாகச் சொன்னார். அடிமரத்தைச் சொன்னாரா நேரத்தைச் சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

விளக்குமாறு சுவரில் சாய்ந்தபடியே இருக்கிறது. சித்திரையில் குருவி வடக்கே கிளம்பிய பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு.